ஒன்பது மணி போனும் நாற்பது வரி புரோகிராமும்

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை நிவேதா போன் செய்தாள். நான் ஓய்வு பெற்ற பிறகு ஆலையில் என் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் பெண் அவள். கெட்டிக்காரி. ஆனால் எதையும் மூச்சு விடாமல் சொல்லி முடித்துவிட்டுத்தான் நிமிர்வாள்.

"மேடம், மைன்ஸ்ல எல்லாத்துக்கும் மாறாத அட்ரஸ் உள்ள இன்டர்நெட் லைன் வந்துருச்சு. உங்க பழைய புரோகிராம் ஒண்ணு அங்க ஓடிக்கிட்டே இருந்துச்சுல்ல, அத நேத்து நிறுத்திட்டோம். உங்ககிட்ட சொல்லணும்னு தோணுச்சு."

"நிறுத்த வேண்டியதுதானே. அதுக்கும் வயசாயிருச்சு," என்றேன்.

"அதப் பத்தி எழுதிக் குடுங்களேன் மேடம். நம்ம ஆலை மாத இதழ்ல போடலாம். அந்தக் காலத்துல எப்படியெல்லாம் சமாளிச்சீங்கன்னு."

அந்தக் காலமாம்! பதினாறு பதினேழு வருடம் ஒரு காலமா? எனக்குக் கோபம் வந்தது. போனை வைத்த பிறகு கோபம் போய்விட்டது. வேறு ஒன்று வந்து நெஞ்சில் உட்கார்ந்துகொண்டது. அது என்ன என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன். மாத இதழில் போடுவார்களோ மாட்டார்களோ, அது நிவேதாவின் தலைவலி.

என் பெயர் தனலட்சுமி. சொந்த ஊர் அரும்பாவூர். அப்பா அடுத்தவர் வயலில் கூலி வேலை செய்தவர். நான் மூத்தவள், எனக்குக் கீழே இரண்டு தங்கைகள், ஒரு தம்பி. பெரம்பலூரில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் படித்தேன். அங்கேயே ஒரு வருடம் சொல்லியும் கொடுத்தேன். அப்புறம் அரியலூர் பக்கம் ஒரு சிமெண்ட் ஆலையில், விவரங்களைத் தட்டச்சு செய்து ஏற்றும் வேலைக்குச் சேர்ந்தேன். புரோகிராம் எழுதுவது யாரும் சொல்லிக் கொடுத்து வந்ததல்ல. பழைய கம்ப்யூட்டருடன் வந்த தடித்தடியான புத்தகங்களை, பெரம்பலூர் அரியலூர் பஸ்ஸில் போகவர மடியில் வைத்துப் படித்துக் கற்றது. தங்கைகள் கல்யாணம், தம்பி படிப்பு, பிறகு அம்மாவுக்குப் பக்கவாதம். என்னைப் பெண் பார்க்க வந்தவர்கள் இரண்டே பேர். ஒருவர் வேலையை விடச் சொன்னார். இன்னொருவர் என் சம்பளச் சீட்டைக் கேட்டார். இரண்டு பேருக்கும் காபி கொடுத்து அனுப்பிவிட்டேன். இதெல்லாம் முடிந்து நிமிர்ந்து பார்த்தபோது எனக்கு நாற்பத்து மூன்று வயது. கம்ப்யூட்டர் பிரிவில் இரண்டாவது ஆள்.

முதல் ஆள் கோதண்டராமன் சார். கண்ணை மூடிக்கொண்டுதான் கேட்பார். தூங்குகிறார் என்று நினைத்து ஒருமுறை நான் நடுவில் நிறுத்தினேன். "ம், அப்புறம்?" என்றார், கண்ணைத் திறக்காமல். பழைய தினக் காலண்டர் தாள்களைக் கிளிப்பில் கோத்து மேசையில் வைத்திருப்பார். எந்தப் பிரச்சனையானாலும் ஒரு தாளின் பின்பக்கத்தில் அடங்க வேண்டும். இடப்பக்கம் ஒரு கட்டம், வலப்பக்கம் ஒரு கட்டம், இடையே ஒரு கோடு. பிறகு மூன்று கேள்விகள். "என்ன நடக்கணும்? என்ன நடக்குது? நடுவுல யாரு?" மூன்றாவது கேள்விக்குப் பதில் தெரியாமல் அவர் முன்னால் போய் நிற்கக் கூடாது. பாராட்டி ஒரு வார்த்தை சொல்ல மாட்டார். திருப்தியாக இருந்தால் மேசை டிராயரைத் திறந்து, பஸ் ஸ்டாண்டில் விற்கும் இஞ்சி மரப்பா ஒன்றை எடுத்து நம் பக்கம் தள்ளுவார். என் வேலை நாட்களில் எத்தனை மரப்பா வாங்கினேன் என்று எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. சொன்னால் பெருமை அடிப்பதாக நினைப்பீர்கள்.

எங்கள் ஆலைக்குச் சுண்ணாம்புக்கல் பல இடங்களிலிருந்து வந்தது. அதில் தூரமானது உடையார்பாளையம் பக்கம் இருந்த மைன்ஸ். அங்கே ஏற்றும் ஒவ்வொரு லாரியும் எடைமேடையில் நின்று எடை போட்டுவிட்டுத்தான் கிளம்பும். அந்த எடைகள் அங்குள்ள கம்ப்யூட்டரில் பதியும். தினமும் காலையில் முந்தைய நாள் எடைப் பட்டியலை நான் ஆலையில் இருந்தபடியே இன்டர்நெட் வழியாக எடுக்க வேண்டும். பத்து மணிக்குள் அது கோதண்டராமன் சார் மேசைக்குப் போக வேண்டும். அதை வைத்துத்தான் கல் உடைக்கும் இயந்திரத்துக்கு அன்றைய வேலையைப் பிரிப்பார்கள்.

இங்கேதான் சிக்கல். மைன்ஸில் இருந்தது சாதாரண டெலிபோன் கம்பியில் வரும் இன்டர்நெட். அதில் ஒவ்வொரு முறை மோடம் அணைந்து எரியும்போதும் வெளி உலகத்துக்குத் தெரியும் அதன் முகவரி மாறிவிடும். நான்கு எண்கள், நடுவில் மூன்று புள்ளி; அதுதான் முகவரி. அது தெரியாமல் அங்கே போக முடியாது. அந்த வருடங்களில் கரண்ட் போகாத நாளே கிடையாது. ஆகவே தினமும் ஒரு புது முகவரி. அதைத் தெரிந்துகொள்ள ஒரே வழி, மைன்ஸுக்குப் போன் போட்டு, அங்கிருக்கும் ஆளை ஒரு இணையப் பக்கத்தைத் திறக்கச் சொல்வது. 'உங்கள் முகவரி இது' என்று அந்தப் பக்கம் காட்டும். அவர் படிக்க, நான் எழுதிக்கொள்வேன்.

அங்கிருந்த ஆள் கலியபெருமாள். எடைமேடை ஆபரேட்டர். நான் அவரைப் பார்த்ததில்லை. காலை ஒன்பது மணிக்கு ஒரு குரல், அவ்வளவுதான்.

"வணக்கம் மேடம். எழுதிக்கங்க. அம்பத்தொம்பது... புள்ளி... இருங்க, லாரி ஒண்ணு ஹாரன் அடிக்கிறான். டேய், பொறுடா! ...ம், புள்ளி."

நான்கு எண்களைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? கால் நிமிஷம். எங்களுக்கு ஐந்து நிமிஷம் ஆகும். ஓர் எண்ணுக்கும் அடுத்த எண்ணுக்கும் நடுவில் ஏதாவது வந்துவிடும். நேற்று ராத்திரி மழை. முந்திரி பூத்துவிட்டது. மகள் செல்வி கணக்கில் தொண்ணூறு வாங்கியிருக்கிறாள். மனைவி இறந்து நான்கு வருடம் ஆகிறது என்பதையும் இரண்டாவது எண்ணுக்கும் மூன்றாவது எண்ணுக்கும் நடுவில்தான் ஒருநாள் சொன்னார். நான் என்ன சொல்வது என்று தெரியாமல், "மூணாவது நம்பர் சொல்லுங்க" என்றேன். சொன்னார். இப்படி ஒருத்தி இருப்பாளா என்று அன்றைக்கு முழுக்க என்னையே திட்டிக்கொண்டேன்.

ஒன்பது மணிக்கு முன்னால் சீட்டுக்கு வந்துவிட வேண்டும் என்று பெரம்பலூரில் ஒரு பஸ் முன்னதாகவே ஏற ஆரம்பித்தேன். அம்மா கேட்டாள், "என்னடி, ஆபீஸ நேரத்தோட தொறந்துட்டாங்களா?" வேலை அதிகம் என்றேன். பொய் இல்லை, அதுவும் வேலைதான்.

ஒரு தடவை செல்விக்கு டைபாய்டு வந்து கலியபெருமாள் ஒரு வாரம் லீவு போட்டார். அவருக்குப் பதில் வந்தவருக்கு இணையப் பக்கத்தைத் திறக்கவே தெரியவில்லை. மூன்று நாள் எடைப் பட்டியல் வரவில்லை. கோதண்டராமன் சார் என்னைக் கூப்பிட்டார். காலண்டர் தாளில் இரண்டு கட்டமும் கோடும் போட்டு முடித்திருந்தார்.

"நடுவுல யாரு தனலட்சுமி?"

"கலியபெருமாள் சார்."

"ஒரு மனுசன் லீவு போட்டா ஆலை நிக்கலாமா?"

"கூடாதுங்க சார்."

"அப்ப அவர நடுவுலருந்து எடுத்துரு."

அவர் சொன்னது வேலையைப் பற்றி. எனக்கும் அன்றைக்கு அப்படித்தான் கேட்டது. சொல்லப்போனால் சந்தோஷமாகக் கூட இருந்தது. இதைப் புரோகிராமாக எழுதிக் காட்டுகிறேன் பார் என்று மார்தட்டிக்கொண்டு உட்கார்ந்தேன். கெட்டிக்காரத்தனம் எப்போது நம் காலை வாரும் என்று யாருக்குத் தெரிகிறது.

முதலில் எழுதியது ஒரு கூத்து. கம்ப்யூட்டரிடம் 'உன் பெயர் என்ன, உன் முகவரி என்ன' என்று கேட்க ரெடிமேடாக ஒரு கட்டளை உண்டு. அதை வைத்துப் பத்து வரியில் எழுதி முடித்தேன். ஒரு சிடியில் போட்டு, கல் ஏற்றப் போகும் லாரி டிரைவரிடம் கொடுத்தனுப்பினேன். லீவு முடிந்து வந்திருந்த கலியபெருமாள் அதை ஓட்டினார். "நூத்தித் தொண்ணூத்திரெண்டு புள்ளி..." என்று அவர் படித்த முகவரியைப் போட்டேன். உடனே இணைப்பு கிடைத்தது! கையைத் தட்டிக்கொண்டு எழுந்து பார்த்தால், அறை மூலையில் இருந்த எங்கள் பிரிண்டர் விளக்கு மினுக்கிக்கொண்டிருக்கிறது. நான் மைன்ஸுக்குப் போகவில்லை. என் முதுகுக்குப் பின்னால் இருந்த பிரிண்டர் கதவைத்தான் தட்டியிருக்கிறேன்.

காரணம் இதுதான். கம்ப்யூட்டருக்குத் தெரிந்தது, மோடம் அதற்கு வீட்டுக்குள் கொடுத்த எண் மட்டுமே. ஒவ்வொரு தெருவிலும் இரண்டாம் நம்பர் வீடு இருப்பதுபோல, அந்த எண் எல்லா ஆபீஸிலும் ஏதாவது ஒரு கருவிக்கு இருக்கும். எங்கள் ஆபீஸில் அது பிரிண்டர். வெளி உலகம் பார்க்கும் முகவரி மோடத்தின் மறுபக்கத்தில் இருக்கிறது. உள்ளே இருக்கும் கம்ப்யூட்டரை எத்தனை முறை கேட்டாலும் அதற்கு அது தெரியாது. வெளியே இருக்கும் ஒருவரைத்தான் கேட்க வேண்டும்: 'நான் உன்னிடம் வந்திருக்கிறேனே, எந்த முகவரியிலிருந்து வந்ததாக உனக்குத் தெரிகிறது?'

சார் அந்தக் கதையைக் கேட்டுவிட்டுக் கண்ணைத் திறந்து சிரித்தார். சேர்ந்த நாளிலிருந்து நான் பார்த்த முதல் சிரிப்பு. மரப்பா வரவில்லை.

இரண்டாவதாக எழுதியது நாற்பது வரி. வெளியே ஓர் இணையத் தளத்துக்கு அந்தப் புரோகிராம் ஒரு கேள்வி அனுப்பும். அலங்காரம் எதுவும் இல்லாமல் முகவரியை மட்டும் ஒரு வரியில் திருப்பித் தரும் தளம் அது. அது படுத்துவிட்டால் கேட்க இரண்டாவதாக இன்னொன்று. வந்த வரியில் நான்கு எண்கள் ஒழுங்காக இருக்கின்றனவா என்று பார்க்கும். சில சமயம் முகவரிக்குப் பதில், தளம் இப்போது ஓடவில்லை என்று மன்னிப்புக் கடிதம் வரும்; அதைத் தூக்கிப் போட வேண்டும். பிறகு, பழைய முகவரியை எழுதி வைத்திருக்கும் சின்னக் கோப்போடு ஒப்பிடும். அதேதான் என்றால் பேசாமல் தூங்கும். மாறியிருந்தால் கோப்பைத் திருத்திவிட்டு, என் ஆபீஸ் மெயிலுக்கு ஒரு வரி அனுப்பும். ஐந்து நிமிஷத்துக்கு ஒருமுறை இதே வேலை. கம்ப்யூட்டர் எரிந்தவுடன் தானாக ஓட ஆரம்பித்துவிடும்.

மறுபடி சிடி, மறுபடி லாரி. அன்றைக்கு நாங்கள் போனில் பேசியது முக்கால் மணி நேரம். எந்த இடத்தில் அமுக்க வேண்டும், எதைத் தொடக் கூடாது என்று நான் சொல்லச் சொல்ல அவர் செய்தார். மோடத்தை அணைத்து எரிய விட்டோம். இரண்டு பேரும் போனைக் காதில் வைத்தபடி பேசாமல் காத்திருந்தோம். என் திரையில் மெயில் வந்து விழுந்தது.

"வந்துருச்சுங்க!" என்று கத்திவிட்டேன்.

"நான் வாயே தொறக்கல மேடம், அதுவா சொல்லிருச்சா?" அவருக்கும் ஒரே சந்தோஷம். கொஞ்சம் கழித்துக் கேட்டார், "அப்ப இனிமே காலைல போன் வராதுங்களா?"

"வராதுங்க. உங்களுக்கு இனிமே தொந்தரவே இல்ல," என்றேன். சத்தியமாகச் சொல்கிறேன், பெருமையாகத்தான் சொன்னேன்.

"நல்லதுங்க," என்றார்.

சார் ஒன்றுக்கு இரண்டாக மரப்பா தள்ளினார்.

மறுநாள் வழக்கமான பஸ்ஸில் வந்து, ஒன்பது மணிக்கு முன்பே உட்கார்ந்து, பேனாவைத் திறந்தேன். திரையில் மெயில் இருந்தது. நான்கு எண்கள். மழை இல்லை, முந்திரி இல்லை, ஹாரன் இல்லை. பட்டியலை எடுத்து சார் மேசையில் வைத்தபோது மணி ஒன்பது ஐந்துகூட ஆகவில்லை. பத்து மணி வரை நான் என்ன செய்வது? அந்த நிமிஷத்தில்தான் எனக்குப் புரிந்தது. நாற்பத்து மூன்று வயதில், கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்துகொண்டு, கழுதை மாதிரி விழித்தேன்.

போன் செய்யலாமே என்று நிவேதா இதைப் படித்தால் கேட்பாள். ஆபீஸ் போன் அது, டெலிபோன் ஆபரேட்டர் வழியாகப் போக வேண்டும். என்ன காரணம் சொல்வது? காரணம் எல்லாவற்றையும் என் கையாலேயே எழுதி மூடிவிட்டேனே. அவருடைய செல் நம்பரும் ஆபீஸ் பதிவேட்டில் இருந்தது. இரண்டு முறை அதைக் காகிதத்தில் எழுதிக் கைப்பையில் வைத்துக்கொண்டு வீடு வரை போனேன். கல்யாணம் ஆகாத ஒரு பெண், மனைவி இல்லாத ஒருவருக்கு எந்தக் காரணமும் இல்லாமல் போன் செய்தால் அதற்கு எங்கள் பக்கம் என்ன பெயர் என்று எனக்குத் தெரியும். மகளை வைத்துக்கொண்டிருக்கிற மனுஷர் வேறு. அவருக்குப் பிடிக்காமல் போனால்? மறுபடி பெரம்பலூர் பஸ்ஸில் என்ன முகத்தோடு ஏறுவேன்? ஆகவே காத்திருந்தேன். எப்போது கெட்டுப்போகும் இந்தப் புரோகிராம் என்று காத்திருந்தேன். பாழாய்ப்போனது, கெடவே இல்லை. அவ்வளவு நன்றாக எழுதியிருந்தேன்.

எட்டு மாதம் கழித்து ஒருநாள் கெட்டது.

மெயில் சரியாக வந்திருந்தது. முகவரியைப் போட்டால் உள்ளே போக முடியவில்லை. எனக்கு வந்த சந்தோஷத்தை மறைக்க முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு போனை எடுத்தேன்.

"வணக்கம் மேடம்," என்றார் கலியபெருமாள். அடுத்த நொடி, "எழுதிக்கங்க" என்றார். நான் கேட்பதற்கு முன்பே. அவர் படித்த எண்ணும் மெயிலில் வந்த எண்ணும் ஒன்றே. முகவரி சரி, கம்ப்யூட்டர் ஓடுகிறது, இன்டர்நெட் இருக்கிறது, ஆனால் கதவு திறக்கவில்லை. லைன் கொடுத்தவர்களைக் கேட்டால், "எங்க சைடுல எல்லாம் ஓக்கே மேடம்" என்றார்கள். சாரிடம் போனேன். தாள், கட்டம், கோடு.

"நடுவுல யாரு?"

"மோடம் சார். அதுல எல்லாம் சரியா இருக்கு."

"மோடத்துக்கும் நமக்கும் நடுவுல?"

நான் தாளில் இருந்த கோட்டையே பார்த்தேன். "போய்ப் பாத்துட்டு வா," என்றார்.

அரியலூரில் பஸ் ஏறி உடையார்பாளையத்தில் இறங்கினேன். மைன்ஸ் ஜீப் வந்திருந்தது. எடைமேடைக்குப் பக்கத்தில் வெள்ளைத் தூசி படிந்த சின்ன அறை. வாசலில் ஒருவர் நின்றுகொண்டிருந்தார். குரலை வைத்து நான் ஒல்லியான ஆளை நினைத்திருந்தேன். இவர் நல்ல உயரம், கொஞ்சம் தொப்பை, காதோரம் நரை. சட்டை அன்றைக்கு மட்டும் இஸ்திரி போட்டது என்று பார்த்தவுடனே தெரிந்தது. நானும் அம்மா எடுத்துக்கொடுத்த நல்ல புடவையில்தான் இருந்தேன். தூசிக்குப் பயந்து யாராவது அதைக் கட்டிக்கொண்டு வருவார்களா?

"வாங்க மேடம். குரல் ஒண்ணுதான், ஆளு வேற மாதிரி இருக்கீங்க," என்றார்.

"எப்படி நெனச்சீங்க?"

"கண்ணாடி போட்டு, கண்டிப்பா இருப்பீங்கன்னு நெனச்சேன்."

"கண்டிப்புதான். கண்ணாடிய பையில வச்சிருக்கேன்," என்றேன்.

அவர் மேசையில் காகிதம் பறக்காமலிருக்க, மைன்ஸில் தோண்டும்போது கிடைத்த, கல்லாய்ப்போன ஒரு சிப்பியை வைத்திருந்தார். எங்கள் பக்கம் ஒரு காலத்தில் கடலாக இருந்ததாம். அதைத் தள்ளி வைத்துவிட்டு அவர் நாற்காலியில் உட்கார்ந்தேன். அவர் நின்றார். ஒவ்வொன்றாகக் கழித்துக்கொண்டே வந்தோம். கம்பி சரி. வெளியாட்களைத் தடுக்கும் கம்ப்யூட்டரின் காவல் புரோகிராமை நிறுத்திப் பார்த்தோம், பலன் இல்லை. மோடத்தை மாற்றிப் பார்த்தோம், பலன் இல்லை. கடைசியில் மோடத்துக்குள் நுழைந்து, 'உன் வெளிப்பக்க முகவரி என்ன' என்று அதையே கேட்டுப் பார்த்தேன். அது பத்து என்று ஆரம்பிக்கும் ஓர் எண்ணைக் காட்டியது. மெயிலில் வந்ததோ வேறு எண். பத்தில் ஆரம்பிப்பது வீட்டுக்குள் கொடுக்கும் எண் வகை. அப்படியென்றால் மோடமே இன்னொருவர் வீட்டுக்குள் உட்கார்ந்திருக்கிறது. லைன் கொடுப்பவர்கள் எண்களுக்குத் தட்டுப்பாடு என்று, பல வாடிக்கையாளர்களை ஒரே வெளி முகவரிக்குப் பின்னால் சேர்த்துவிட்டார்கள். நான் போய்த் தட்டினால், யாரைத் தேடி வந்தேன் என்று அந்த முகவரிக்குத் தெரியாது. என் புரோகிராம் பொய் சொல்லவில்லை. உண்மையான முகவரிதான், ஆனால் அதை வைத்து அவரிடம் போக முடியாது.

உள்ளிருந்து வெளியே போக மட்டும் தடை இல்லை. எங்கள் ஆலையில் மாறாத முகவரி உள்ள லைன் இருந்தது. ஆகவே திசையை மாற்றினேன். இனி நான் அங்கே போக வேண்டாம். அங்குள்ள கம்ப்யூட்டரே முகவரியைச் சொல்லும் கையோடு பட்டியலையும் எங்களிடம் கொண்டுவந்து போட்டுவிடட்டும். அதே புரோகிராமில் இன்னும் பன்னிரண்டு வரி சேர்த்தேன். மத்தியானம் வெடி வைக்கச் சங்கு ஊதியது. வெளியே போகக் கூடாது, எல்லோரும் அறைக்குள்ளேயே இருந்தோம். தரை ஒருமுறை உதறி அடங்கியது. அதற்குள் பட்டியல் போய்ச் சேர்ந்துவிட்டது. சார் போன் செய்து "வந்துச்சு" என்றார். அவ்வளவுதான் அவர்.

சாப்பாட்டுக்கு என்ன செய்வது என்று நான் யோசிப்பதற்குள் கலியபெருமாள் இரண்டு டிபன் பாக்ஸ் எடுத்து வைத்தார். அவரே சமைத்தது. சோறு, கத்தரிக்காய் புளிக்குழம்பு. உப்பு ஒரு கை கூடத்தான். நான் மிச்சம் வைக்காமல் சாப்பிட்டேன்.

அப்போது அவர் என்னைப் பார்க்காமல் எடைமேடையைப் பார்த்துக்கொண்டு சொன்னார். "போன் நின்னது எனக்கு ஒரு மாதிரி இருந்துச்சுங்க."

நான் சோற்றைப் பிசைந்தேன்.

"நானாக் கூப்புடலாம்னு நெனச்சேன். என்னத்தச் சொல்லிக் கூப்புடறதுன்னு தெரியல. இன்னக்கி லைன் கெட்டதும், தப்புதான், எனக்கு சந்தோசமா இருந்துச்சு." என் பக்கம் திரும்பினார். "இனிமே எப்பங்க கெடும்?"

அந்தக் கேள்விக்கு உலகத்தில் எவ்வளவோ பதில் இருந்தது. நான் சொன்னது இது: "இனிமே கெடாதுங்க. நல்லா எழுதியிருக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். ஜீப் வந்தது. பஸ்ஸில் ஜன்னலோரம் உட்கார்ந்ததும் எனக்கு அழுகை வந்தது. எனக்கும் சந்தோஷமாக இருந்தது என்று மூன்றே வார்த்தை. நாற்பது வரி எழுதத் தெரிந்தவளுக்கு அது வரவில்லை.

பிறகு வருடக்கணக்காக அந்தப் புரோகிராம் தினமும் வேலை செய்தது. கரண்ட் போகும், வரும், முகவரி மாறும், பட்டியல் வந்துவிடும். கோதண்டராமன் சார் ஓய்வு பெற்று மகனோடு வெளியூர் போய்விட்டார். முதல் ஆள் நாற்காலி எனக்கு வந்தது. பட்டியலை அனுப்பும் கம்ப்யூட்டர் பக்கத்தில் ஒருவர் உட்கார்ந்திருக்கிறார் என்பது தினமும் ஒன்பது மணிக்கு எனக்குத் தெரியும். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் ஆபீஸ் முழுவதற்கும் அனுப்பும் வாழ்த்து மெயிலில் அவர் பெயரும் இருக்கும். அவரிடமிருந்து 'தங்களுக்கும்' என்று ஒரு வரி வரும். அந்த ஒற்றை வரிகளை நான் அழித்ததில்லை.

பன்னிரண்டாவது வருடம் செல்வியின் கல்யாணப் பத்திரிகை ஆபீஸுக்கு வந்தது. உறையில் என் பெயர் தனியாக, கையால் எழுதியிருந்தது. ஜெயங்கொண்டத்தில் மண்டபம். எல்லோருடனும் வேனில் போனேன். கலியபெருமாள் முடி முழுக்க வெளுத்துப் போயிருந்தார். "வாங்க மேடம்" என்று கையெடுத்துக் கும்பிட்டார். அதற்குள் யாரோ சம்பந்தி வீட்டார் கூப்பிட, போய்விட்டார். பரிசுப் பொட்டலத்தைக் கொடுக்க மேடைக்குப் போனேன். என் பெயரைச் சொன்னதும் மணப்பெண் என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீங்கதான் அந்த ஒம்பது மணி மேடமா?"

"யாரும்மா அப்படிச் சொன்னா?"

"நான் வச்ச பேருதான் அத்தை. லீவு நாள்ல அப்பா என்னையும் மைன்ஸுக்குக் கூட்டிட்டுப் போவாரு. ஒம்பது மணி ஆச்சுன்னா சத்தம் போடாம இருடின்னுவாரு. அப்புறம் போன் வர்றதே நின்னு போச்சு. அப்பயும் ஒம்பது மணிக்கு லாரிய நிக்க வச்சுட்டு போன் பக்கத்துல வந்து ஒக்காந்துக்குவாரு. யாருப்பா கூப்புடப் போறான்னு கேட்டா, 'லைன் கட்டாயிருந்தா கேப்பாங்கம்மா'ம்பாரு. இன்னக்கி வரைக்கும் அப்படித்தான்."

அவளுக்குப் பின்னால் ஆட்கள் வரிசையில் நின்றார்கள். போட்டோக்காரர் என்னைச் சிரிக்கச் சொன்னார். நான் சிரித்தேனா என்று தெரியாது. பந்தியில் உட்கார்ந்து இலையைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த மனுஷன் என் புரோகிராம் கெட்டுப்போகாதா என்று பன்னிரண்டு வருடம் காத்திருக்கிறார். நான் ஒவ்வொரு வருடமும் அது கெடாமல் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

அதற்குப் பிறகாவது கூப்பிட்டிருக்கலாம். அம்மா முழுக்கப் படுக்கையில் இருந்தாள். அவர் ஓய்வு பெற்றார். அம்மா போனாள். நான் ஓய்வு பெற்றேன். ஒவ்வொன்றையும் ஒரு சாக்காக வைத்துக்கொண்டேன். எனக்கு இப்போது அறுபது வயது. பெரம்பலூரில் இரண்டு அறை வீடு. காலை ஒன்பது மணி இங்கேயும் தினமும் வருகிறது.

நிவேதா போன் செய்த அன்று நான் சாப்பிடவில்லை. நாற்பதும் பன்னிரண்டும் ஐம்பத்திரண்டு வரி நின்று போயிற்று. இனி அது கெடும் என்று காத்திருக்க எனக்கு வழி இல்லை. மறுநாள் காலை போனை எடுத்தேன். அவருடைய எண்ணைத் தேட வேண்டியிருக்கவில்லை. நான்காவது மணியில் எடுத்தார்.

"அலோ?"

"தனலட்சுமி பேசுறேங்க. ஆலைலருந்து... இல்ல, ஆலை இல்ல, வூட்லருந்து."

லைன் போய்விட்டதா என்று போனைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தேன். இருந்தது.

"சொல்லுங்க," என்றார். "என்ன விசயம்?"

"ஒரு விசயமும் இல்லைங்க. சும்மாதான் கூப்பிட்டேன்."

"சும்மாவா?" என்றார். "சும்மான்னா, ஒடனே வச்சுராதீங்க."